திக்கு விரதமும் கல்வராயன் மலையும்

சைக்கிளின் சட்டத்திலும் கைப்பிடியிலும் இருக்கைக்குப் பின்னாலும் பைகளைக் கட்டிக்கொண்டு, தார்ச்சாலையை விட்டு விலகி, மலையின் மண்தடங்களில் சில நாட்கள் சஞ்சரித்து வருவதைப் பைக்பேக்கிங் என்று இன்றைய இளைஞர்கள் சொல்கிறார்கள். விழுப்புரம் சந்திப்பில் ரயிலைவிட்டு இறங்கி, மேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் சமவெளியைக் கடந்து, கள்ளக்குறிச்சி வழியாகக் கல்வராயன் மலையில் ஏறி, கரியாலூர், வெள்ளிமலைப் பக்கங்களில் சுற்றிவர விரும்புகிறவன், புறப்படுவதற்குப் பல நாள் முன்பே படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஏற்றத்தையும் நீர்நிலையையும் இராத்தங்கலையும் கணக்கிடத் தொடங்குகிறான். அவ்வாறு கணக்கிடுகிறவன் ஈசுவரனை நம்பாதவன் என்றும், ஒன்றையும் எண்ணாமல் கால்போன போக்கில் புறப்படுகிறவனே மெய்யான யாத்திரிகன் என்றும் பக்தியுள்ள பெரியோர் சிலர் கருதுவதுண்டு. அக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அதற்குரிய காரணத்தை அதே விழுப்புரத்துச் சீமையில் இன்றும் வாழ்ந்துவரும் ஒரு பழைய சமயமே எனக்குத் தந்தது.

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையிலுள்ள மேல்சித்தாமூரில் ஜினகாஞ்சி மடம் இருக்கிறது. அதைச் சுற்றி வீடூர், பெரமண்டூர், விழுக்கம் முதலிய ஊர்களில் தமிழ்ச் சமணர்கள் வாழ்கிறார்கள். இல்லறத்தாருக்கு அவர்களுடைய சமயம் விதித்த விரதங்களுள் ஒன்று திக்கு விரதம். பத்துத் திக்குகளிலும், யாவரும் அறிந்த ஒரு கடலையோ ஆற்றையோ காட்டையோ மலையையோ எல்லையாக வைத்து, அதற்கப்பால் ஆயுள் உள்ளவரை செல்வதில்லை என்று இல்லறத்தான் சங்கற்பம் செய்துகொள்கிறான். அதனினும் குறுகிய எல்லையை, ஒரு நாளைக்கோ ஒரு மாதத்துக்கோ வகுத்துக்கொள்வது தேச விரதம். சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இவற்றை விரித்துரைக்கின்றன. சமந்தபத்திரர் இவ்விடத்தில் சொல்லும் ஒரு தத்துவம் நெடுங்காலம் சிந்திக்கத்தக்கது: தான் வகுத்த எல்லைக்கு வெளியே அந்த இல்லறத்தான் நுண்ணிய பாவத்தையும் செய்வதற்கில்லையாதலால், அவ்வெளியைப் பொறுத்தமட்டில் அவன் மகாவிரதம் பூண்ட முனிவனுக்கு நிகராகிறான்.

அப்படியானால் படத்தில் கோடு இழுக்கும் அந்த இரவே யாத்திரையின் மிகப் புண்ணியமான பகுதி என்று நான் துணிந்து சொல்வேன். இந்தத் தடத்தில் செல்வேன், இந்த ஓடைக்கு அப்பால் செல்லேன், நான்காம் நாள் மாலைக்குள் இறங்கிவிடுவேன் என்று ஒருவன் முடிவு செய்யும்போது, தான் போகாத அத்தனை பள்ளத்தாக்குகளுக்கும் அவன் அபயம் அளித்துவிடுகிறான். கால்போன போக்கில் போகிறவனிடமிருந்து எந்தப் பள்ளத்தாக்குக்கும் அத்தகைய அபயம் கிடைப்பதில்லை.

சுமையைப் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. திகம்பர முனிவர் மயிற்பீலியும் கமண்டலமும் சாத்திர நூலும் அன்றி வேறொன்றும் கொண்டு செல்வதில்லை. செஞ்சிக்கு அருகே, இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ள திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைப் பழைய கல்வெட்டொன்று தாங்கி நிற்கிறது. சுமையைத் துறந்து துறந்து இறுதியில் சரீரத்தையும் துறந்த அவரை நினைக்கும்போது, இரண்டு சட்டைகளா மூன்று சட்டைகளா என்று எண்ணிக்கொண்டிருப்பது மிகச் சிறியதாகத் தோன்றும். ஆயினும் யாத்திரிகன் முனிவனல்லன். பஞ்சர் ஒட்டும் பொருளும் மாற்று டியூபும் மூன்று வேளை உணவும் இல்லாமல் மலையேறுகிறவன், உடைமை கொள்ளாமையாகிய அபரிக்கிரகம் பயின்றவனாக மாட்டான். தன் பரிக்கிரகத்தை மலைவாழ் மக்களின் தலையில் ஏற்றியவனே ஆவான். ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976 வரையில் நீங்காமலிருந்த மலை அது. அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் வெளியாருக்கு உழைத்துக் கொடுத்தது போதும். அவர்கள் விருந்தோம்பிப் பரிமாறும் சாமைச் சோற்றை நன்றியோடு உண்பது வேறு, அந்தச் சோற்றை நம்பியே பையை இலேசாக்கிக்கொள்வது வேறு. ஆசையே பரிக்கிரகம் என்று சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் வகுக்கிறது. இலேசான பையைப் பற்றிய ஆசையும் ஆசைதான்.

இனி, இந்த விரதக் கோட்பாட்டிலேயே யாத்திரிகனுக்கு எதிரான வாதமும் ஒன்று உண்டு. பயனின்றித் தீங்கிழைத்தலை விலக்கும் அநர்த்ததண்ட விரதத்தில், வீணே நிலத்தை அகழ்தல், நீரைச் சிதறுதல், தீ மூட்டல், செடியை வெட்டல் ஆகியவற்றோடு வீணே திரிதலையும் சமந்தபத்திரர் சேர்த்திருக்கிறார். மலையைக் காணும் ஆனந்தத்தைப் பயனென்று கொள்ளலாமா? கொள்ளலாம் என்றே என் மனம் சொல்கிறது. ஆனால் அந்த ஆனந்தத்துக்காக ஓருயிரும் தேவைக்கு மேல் வருந்தலாகாது. முனிவர் பகலில் மட்டும், ஏற்கெனவே மக்களும் மாடுகளும் நடந்து பழகிய வழியில், நான்கு முழத் தொலைவு முன்னே பார்த்து நடக்கவேண்டும் என்பதும், மழைக்காலத்தில் ஓரிடத்திலேயே தங்கவேண்டும் என்பதும் விதி. இவற்றைச் சைக்கிளுக்கு எடுத்துக்கொண்டால் திட்டத்தில் பாதி தானே முடிந்துவிடும்: ஈரமண்ணைச் சக்கரம் கீறி ஓடையாக்கும் மழைமாதங்கள் ஒழிந்து தை, மாசி மிஞ்சும்; புதுத்தடம் வெட்டும் எண்ணம் ஒழிந்து ஊருக்கு ஊர் செல்லும் பழைய நடைவழி மிஞ்சும்; வனத்துறையின் அனுமதியில்லாத காப்புக்காடு ஒழியும்; விளக்கு வெளிச்சத்தில் இறக்கத்தில் விரையும் ஆவலும் ஒழியும்.

திக்கு விரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது விரதத்தை மாசுபடுத்தும் மீறல்கள், சொல்லப்படுகின்றன. மேல்நோக்கி எல்லை கடத்தல், கீழ்நோக்கிக் கடத்தல், குறுக்கே கடத்தல், எல்லையை விரித்துக்கொள்ளல், எல்லையையே மறத்தல். முதல் மூன்றும் மலைச்சரிவில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கென்றே சொன்னவைபோல் இருக்கின்றன. எனினும் நான்காவதே வலியது என்று நினைக்கிறேன். ஏனெனில் ஒரு முகட்டில் ஏறி நின்றதும், அதுவரை கண்ணில் படாத இன்னொரு முகடு எதிரே எழும்பி நிற்க, தண்ணீர் பாதி இருக்கிறது, பொழுதும் சற்று இருக்கிறது, திட்டம் நாம் வகுத்ததுதானே என்று மனம் நியாயம் கற்பிக்கத் தொடங்குவது அப்பொழுதுதான்.