நம்பிக்கையும் அமானிதமே

2012 ஜனவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் 689,003 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தியது. ஒரு வார காலம் சிலருக்கு இன்பச் செய்திகளையும், சிலருக்குத் துன்பச் செய்திகளையும் குறைத்துக் காட்டி, அவர்கள் எழுத்தில் மனமாற்றம் தெரிகிறதா என்று பார்த்தது. 2014-இல் முடிவு வெளியானபோதுதான் விஷயம் தெரிந்து மக்கள் கொதித்தனர். சேரும்போதே விதிகளுக்கு ஒப்புக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர் சொன்ன சமாதானம்.

வணிகர்களாகிய நாம் இதை ஏற்கலாமா? சரக்கின் குறையை மறைத்து விற்றுவிட்டு, ரசீதில் பொடியெழுத்தில் போட்டிருந்தோமே என்றால் அது நாணயமாகுமா? முன்பே சொன்னால் முடிவு பிசகும் என்பர். முடிந்த பின்னராவது சொல்லியிருக்க வேண்டாமா? கேட்டிருந்தால் பலர் மனமுவந்து ஒத்துழைத்திருப்பர். இனி நேர்மையாகக் கேட்டு வருவோரையும் சந்தேகிப்பர். ஒரு கடையின் கள்ளத்தராசு கடைத்தெருவுக்கே கெட்ட பெயர்.

வல்ல அல்லாஹ் நம்மை அமானிதம் பேணுவோராக ஆக்குவானாக! ஆமீன்.