யாருடைய புகை?

2022ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆந் திகதி நம் நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. காரணம் வெள்ளமுமல்ல, வேலைநிறுத்தமுமல்ல, காற்று. வங்கக் கடற் சூறாவளியோடு இந்தியாவின் அசுத்தக் காற்று இங்கு வந்ததென விளக்கம் தரப்பட்டது. "அப்படியானால் புகை எங்களுடையதல்ல" என்று ஹெவ்லொக் டவுனில் நாமும் ஆறுதலடைந்தோம்.

அது உண்மைதான், ஆனால் முழு உண்மையா?

புகைக்குக் கடவுச்சீட்டு இல்லை என்பது பழைய செய்தி. 1999இல் கப்பல்கள், விமானங்கள், செய்மதிகள் கொண்டு இந்து சமுத்திரத்தின் மேலுள்ள காற்று ஆராயப்பட்டது. தெற்காசியாவிலிருந்து பரவிய பழுப்புப் புகைமூட்டம் சுமார் 3 கிலோமீற்றர் தடிப்பில் கடல்மேல் கிடந்தது. ஆய்வை வழிநடத்தியவர்களுள் ஒருவர் சென்னையிற் பிறந்த வீரபத்ரன் ராமநாதன். பின்னர் இவர் பாப்பரசரின் விஞ்ஞானக் கழகத்திலும் உறுப்பினரானார்.

இன்று வேறொரு சாட்சியும் உண்டு. 2017இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் 'சென்டினல்-5பி' செய்மதி, 824 கிலோமீற்றர் உயரத்திலிருந்து பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை ஆராய்கிறது. ஒவ்வொரு வாயுவும் அவ்வொளியில் தனக்குரிய பகுதியை விழுங்கிவிடும். குறைந்த பகுதி எதுவெனக் கண்டு, வாயு எது, எவ்வளவு என்று கணிக்கிறார்கள். வாகனப் புகையிலுள்ள நைதரசன் ஈரொட்சைட்டு பகல் வெயிலில் சில மணி நேரமே காற்றில் தங்கும். எனவே நகரொன்றின் மேல் அது செறிந்து தெரிந்தால், பெரும்பாலும் அங்கேயே பிறந்தது. அயலவனைக் குற்றஞ்சாட்ட இடமில்லை.

ஆயினும் அச்செய்மதியின் ஒரு கட்டம் ஏறத்தாழ ஐந்தரைக்கு மூன்றரை கிலோமீற்றர். ஹெவ்லொக் வீதியின் பஸ்ஸும், வெள்ளவத்தை முச்சக்கரவண்டியும், என் வாகனமும் அதற்குள் ஒன்றாகிவிடும். என் புகை எது, உன் புகை எதுவென அது பிரித்துச் சொல்லாது. அந்தக் கணக்கை மனச்சான்றே பார்க்க வேண்டும்.

"நான் ஒருவன் நிறுத்தினால் என்ன மாறும்?" என்று கேட்கலாம். உண்மைதான், கட்டத்தின் நிறம் மாறாது. ஆனால் அக்கட்டம் முழுவதும் அப்படிச் சொல்பவர்களால்தான் நிரம்பியிருக்கிறது. பங்கு சிறிதென்பதால் பங்கே இல்லையென்றாகாது.

எல்லோர் பங்கும் சமமுமல்ல. பிழைப்புக்காகப் பழைய முச்சக்கரவண்டி ஓட்டுபவரும், இரண்டு தெரு தள்ளியுள்ள கோவிலுக்குத் தனியே காரில் வருபவரும் ஒன்றல்லர். மாற்றுவழி உள்ளவனுக்கே கடமை பெரிது.

அன்று பாடசாலை செல்லாத பிள்ளைகள் எல்லோர்மேலும் படிந்தது ஒரே காற்றுதான். சிலருக்குச் சாத்திக்கொள்ளக் கண்ணாடி யன்னல் இருந்தது. சிலருக்கு அதுவும் இல்லை. யாருடைய புகை என்று கேட்கும்போது, அது யாருடைய மூச்சில் போகிறது என்பதையும் கேட்போம்.