ஜெனரலுக்குச் சர்க்கரை எவ்வளவு?

1993-ம் ஆண்டு. எல்லா இனத்தவரும் வாக்களிக்கப்போகும் முதல் தேர்தலுக்குத் தென்னாப்பிரிக்கா தயாராகிக்கொண்டிருந்தது. அதை நடக்கவிடக் கூடாது என்று துப்பாக்கியும் கையுமாகக் கிளம்பியிருந்த வெள்ளையர்களுக்கு ஒரு தலைவர் கிடைத்தார்: கான்ஸ்டன்ட் ஃபில்யூன். நிறவெறி அரசின் ராணுவத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பழைய சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் திரளுவார்கள்.

அவரை ஜோகன்னஸ்பர்க்கில் தன் வீட்டுக்கே வரவழைத்தார் நெல்சன் மண்டேலா. ஏற்பாடு செய்தவர் தளபதியின் இரட்டைச் சகோதரர் பிராம். அண்ணன் தம்பி இருவரும் அரசியலில் எதிரெதிர் துருவங்கள். தேநீரைத் தன் கையாலேயே ஊற்றிய மண்டேலா, பால் வேண்டுமா, சர்க்கரை போடட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். போர் என்று வந்தால் உங்கள் ராணுவ பலத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியாது. ஆனால் எங்கள் ஜனத்தொகைக்கு முன்னால் நீங்களும் ஜெயிக்க முடியாது என்ற கணக்கை ஒளிவுமறைவில்லாமல் எடுத்து வைத்தார்.

இதில் உருகுவதற்கு எதுவுமில்லை. 27 ஆண்டுச் சிறைவாசத்தில் ஆஃப்ரிகான்ஸ் மொழியையும் அதைப் பேசும் வெள்ளையர்களான ஆஃப்ரிகானர்களின் சரித்திரத்தையும் உட்கார்ந்து படித்தவர் மண்டேலா. எதிராளிக்கு எதில் பெருமை, எதில் பயம் என்று அவருக்குத் தெரியும். பகையை நட்பாக்க நினைக்கிற பலர் இந்த வீட்டுப்பாடத்தைச் செய்வதில்லை. நேராகக் கை குலுக்கப் போய்விடுகிறார்கள்.

தேநீர் மட்டுமே எல்லாவற்றையும் சாதித்தது என்றால் அது கதை. பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. 1994 மார்ச்சில் போபுதட்ஸ்வானா என்ற கறுப்பினத் தாயகப் பகுதிக்குள் புகுந்த வலதுசாரிக் கும்பலின் சாகசம் அவமானத்தில் முடிந்ததைப் பார்த்த பிறகுதான் ஃபில்யூன் தேர்தல் பாதைக்கு வந்தார். அவர் கட்சிக்கு 400 இடங்களில் 9 கிடைத்தன. ஆஃப்ரிகானர்களுக்குத் தனி நிலம் என்ற கோரிக்கையை அவர் கைவிடவில்லை. நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து கேட்டார். அவ்வளவு மாற்றம் போதாதா? மூளவிருந்த ஓர் உள்நாட்டுப் போருக்கு அவர் தலைமை தாங்காமல் போனதே பெரிய லாபம்.

எல்லோரிடமும் இந்த அணுகுமுறை பலிக்கவில்லை. முன்னாள் அதிபர் பி.டபிள்யூ. போத்தா கடைசிவரை இறங்கி வரவில்லை; உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அழைத்தும் சாட்சி சொல்ல மறுத்தார். அப்படிப்பட்டவர் பின்னால் அலைவது வீண்தான். ஆனால் அதே மண்டேலா, நிறவெறிச் சட்டங்களின் சிற்பியான ஃபெர்வூர்டின் விதவை மனைவியை 1995-ல் ஒரானியா கிராமத்துக்கே தேடிப்போய்ப் பார்த்தார்.

இதற்கெல்லாம் விலை இல்லாமல் இல்லை. வெள்ளையர்களைச் சமாதானப்படுத்துவதில் காட்டிய அக்கறையை நிலப் பங்கீட்டில் காட்டவில்லை என்று இன்றும் அங்கே இளைஞர்கள் அவரைக் குறை சொல்கிறார்கள். அதைச் சுலபத்தில் தள்ளிவிட முடியாது: விளைநிலத்தில் பெரும்பகுதி இன்னும் வெள்ளையர் கையில்தான் இருக்கிறது.