இல்லை என்னும் இலவசம்

கைத்தொலைபேசியின் குறிகளிடையே, முகங்களுக்கும் மலர்களுக்கும் அப்பால், சிறு சதுரங்களில் அடைபட்ட ஜப்பானிய எழுத்துகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று ‘மு’ என ஒலிப்பது. அதன் நேர்ப்பொருள் ‘இல்லை’. குறி உணர்த்துவதோ ‘இலவசம்’. அதற்கு இணையான ‘யூ’ என்ற எழுத்தின் நேர்ப்பொருள் ‘உண்டு’. குறி உணர்த்துவது ‘கட்டணம் உண்டு’.

ஜப்பானியர் இலவசத்தை ‘முரியோ’ என்பர். ‘மு’ இன்மை, ‘ரியோ’ கட்டணம். ஓரெழுத்துச் சதுரத்தில் கட்டணம் உதிர்ந்தது. இன்மை மட்டும் எஞ்சியது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் இக்குறிகள் யூனிகோட் தரத்தில் சேர்ந்து உலகெங்கும் பரவின. ஜப்பானியர்க்கு அது விலையறிவிப்பு. மொழியறியாதார்க்கு வெறும் அலங்காரம். எது இல்லை என்பதைக் குறி சொல்வதில்லை. படிப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நம் மொழியும் இவ்வுண்மையை அறியும். இன்மை என்றால் இல்லாமை, வறுமையும் அதுவே. செல்வர் உடையார், வறியர் இல்லார். ஆகவே இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் வினவ வேண்டும்: இங்கே இல்லாதது கட்டணம் மட்டுந்தானா?

யட்டியாந்தோட்டையின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். லயத்து அறைக்கு வாடகை இல்லை. உண்மைதான். ஆனால் அந்த அறைக்கு உறுதிப்பத்திரமும் இல்லை. தலைமுறைகள் பிறந்து மடிந்த கூரை, தோட்டத்தின் சொத்தாகவே இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலாரின் குடியுரிமையைப் பறித்தது. வாக்குரிமையும் பின்தொடர்ந்து போயிற்று. இடதுசாரித் தலைவர் என். எம். பெரேராவை 1960இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி யட்டியாந்தோட்டை. அதன் மலைகளில் உழைத்தோரில் மிகப் பலருக்கு அத்தேர்தலில் வாக்கில்லை. வாடகை இல்லை, காணி இல்லை, வாக்கில்லை: ஒரே ‘இல்லை’க்குள் எத்தனை இல்லைகள்!

அப்படியானால் இலவசம் யாவும் ஏமாற்றா? அன்று. 1945இல் இலங்கையில் வந்த இலவசக் கல்வி மக்களின் வரிப்பணத்தில் எழுந்தது; ஒருவர் தயவிலன்று, உரிமையாக வந்தது. அவ்வுரிமையும் தோட்டப் பிள்ளையை உடனே எட்டவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான்.

உரிமையாக வரும் இலவசம் மனிதனை உடையவனாக்கும். தயவாக வருவது அவனை இல்லாதவனாகவே வைத்திருக்கும். கொடுத்தவன் நினைத்தபோது திருப்பிக் கேட்க முடியுமா என்பதே உரைகல்.

“உனக்குக் கட்டணம் இல்லை” என்பாரிடம், “வேறு என்னென்ன இல்லை?” என்று கேட்பது நன்றிகேடன்று. வகுப்பறையில் நாம் கற்பிக்க வேண்டிய முதல் வாசிப்பே அதுதான்.