தெரிந்த விடை

பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டே 'பேர் என்ன?' என்று கேட்பது எங்கள் கவுண்டர் வழக்கம். ஆளைச் சரிபார்க்க. ஒரு கிழவி, 'அதுலதானே எழுதியிருக்கு, ஒனக்குப் படிக்கத் தெரியாதா?' என்றாள். வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவள் கேட்டது என்னிடம் தங்கிவிட்டது.

ஷெர்லி பிரைஸ் ஹீத் என்ற மானுடவியலாளரின் 'வேஸ் வித் வேர்ட்ஸ்' (1983) இந்தக் கிழவியின் பக்கம் நிற்கிற புத்தகம். அமெரிக்காவின் கரோலினாப் பகுதியில், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனியாக இருந்த பள்ளிகள் ஒன்றாக்கப்பட்ட சமயம். கறுப்புக் குழந்தைகள் மிக எளிய கேள்விக்குக்கூட வாய் திறப்பதில்லை என்று ஆசிரியர்கள் குறைப்பட்டார்கள். ஹீத் அந்தக் குழந்தைகளின் வீடுகளில் வருஷக்கணக்கில் பழகினார். அங்கே பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையே குழந்தையிடம் கேட்பது அபூர்வம். 'இது எதைப்போல இருக்கு?' என்பார்கள்; குழந்தை ஒப்பிட்டுப் பதில் சொல்லும். கண்ணெதிரே இருப்பதைக் காட்டி 'இது என்ன நிறம்?' என்று ஒருவர் ஏன் கேட்கவேண்டும் என்பது அதற்கு விளங்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஆசிரியர்கள், தங்கள் வீட்டில் தங்கள் பிள்ளைகளிடம் என்னென்ன கேள்வி கேட்கிறோம் என்று கவனிக்க ஆரம்பித்தார்கள். பள்ளியின் இயல்பான மொழி என்று நினைத்திருந்தது தங்கள் வீட்டுப் பழக்கம் என்று தெரிந்தது.

என் தங்கை பி.எட். படித்தபோது அவளுடைய ரெக்கார்டு நோட்டுகளுக்குக் கோடு போட்டுக் கொடுத்தவன் நான். ஒரு பத்தி 'ஆசிரியர் செயல்', எதிரே 'மாணவர் செயல்'. இரண்டையும் முதல்நாள் ராத்திரியே அவள்தான் எழுதினாள். இன்னும் முகம் பார்த்திராத ஒரு பையனின் பதில் அழகான கையெழுத்தில் தயாராக இருந்தது. பயிற்சிக்குப் போன அரசுப் பள்ளியில், ஆடு மேய்க்கிற வீட்டுப் பையனிடம் படத்தைக் காட்டி 'இது என்ன விலங்கு?' என்றாள். பேசாமல் நின்றான். 'மெல்லக் கற்பவர்' என்று குறித்துக்கொண்டாள். மணி அடித்தபின் அவன் கேட்டானாம்: 'டீச்சர், நீங்க ஆடு பாத்ததே இல்லியா?' குறிப்பை அவள் அடிக்கவில்லை. ரெக்கார்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் மார்க் போகும்.

2015 முதல் பி.எட். 2 வருஷம். பள்ளியில் செலவிடும் நாட்கள் கூடியிருக்கின்றன. உள்ளடக்கிய கல்வி பாடமாகவே இருக்கிறது. நல்லதுதான். ஆனால் வித்தியாசம் என்பது எப்போதும் குழந்தையிடம் இருக்கிற ஒன்றாகவே பேசப்படுகிறது. ஆசிரியருக்கு ஜாதி, ஊர், வீட்டுப்பேச்சு எதுவும் இல்லை போலும். 'எனக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்று' என்கிறவரிடம் கேட்கத் தோன்றுகிறது: எதோடு ஒன்று? (கைவசம் இருக்கும் விடையைக் கவிதையிடம் கேட்டுவிட்டு, அது பேசாவிட்டால் 'புரியவில்லை' என்று மார்க் போடுகிற விமர்சகர்களும் இதே பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள்தாம்.)

எதிர்வாதம் ஒன்று உண்டு, லேசில் தள்ள முடியாதது. பரீட்சையும் வங்கியும் தெரிந்த விடையைத்தான் கேட்கப்போகின்றன. அந்தக் கேள்விகளைக் கற்றுத்தராமல் விடுவது மரியாதை அல்ல, கைவிடுவது. கறுப்புக் குழந்தைகளின் சார்பில் லிஸா டெல்பிட் 1988இல் இதைக் கடுமையாகவே சொன்னார்: அதிகாரத்தின் விதிகளை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுங்கள் என்று. ஹீத்தின் ஆசிரியர்களும் பள்ளிக் கேள்விகளை விட்டுவிடவில்லை. உள்ளூர்ப் புகைப்படங்களைக் காட்டி, 'இங்கே என்ன நடக்குது? நீ போயிருக்கியா?' என்று தொடங்கி, அப்புறம்தான் நிறத்துக்கும் எண்ணிக்கைக்கும் வந்தார்கள். முதல் கேள்விக்கு விடை ஆசிரியருக்குத் தெரியாது.

கிழவி மாதாமாதம் வருகிறாள். பேரைக் கேட்காமல் விட எனக்கு அதிகாரம் இல்லை. ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்கிறேன். வரிசையில் கொஞ்சம் நேரமாகிறது.