கீறல் விழுந்தால் என்ன?

உங்கள் வீட்டிலோ அயலிலோ இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். புதுக் கைத்தொலைபேசி ஒன்றை வாங்குவார். கடையில் கொடுத்த கவரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காசு கொடுத்தது இந்த றப்பரைப் பார்க்கவா?" என்று கழற்றி எறிந்துவிடுவார். அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. மேசையில் வைக்குமுன் கைலேஞ்சியை விரிப்பார். சட்டைப் பையில் சில்லறை கிடக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். பூசைக்கு வந்தாலும், வாங்கிலில் அதை எந்தப் பக்கமாக வைப்பது என்பதே யோசனை. வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துக் கீறல் தேடுவார். மயிரிழை போல ஒன்றைக் கண்டுவிட்டால் அன்று சாப்பாடு இறங்காது.

கவர் போட்டவர் அந்தக் கவலையை மறந்துவிடுகிறார். கீறினால் கீறட்டும் என்பவரும் மறந்துவிடுகிறார். இவரோ பொருளின் அழகை மறைக்கவும் மாட்டார், அதை உலகம் தொட விடவும் மாட்டார். பாவிக்க வேண்டும், ஆனால் பாவித்த அடையாளம் இருக்கக் கூடாது. இப்படி ஒன்றை ஆசைப்படுவது நியாயமா என்பதே உங்களோடு சேர்ந்து நான் ஆராய விரும்பும் விடயம். சின்ன விடயந்தான். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது நாம் பெரியவற்றையே தேடுவதால், சின்னவை எத்தனையோ வருடங்கள் எம்முள்ளே குடியிருந்துவிடுகின்றன.

பொருளைப் பேணுவதை நான் இழிவாகப் பேச வரவில்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருட்களின் விலையும் அதனோடு ஏறியது. ஓர் ஆசிரியையோ கடற்றொழிலாளியோ தவணைமுறையில் வாங்கிய தொலைபேசியைப் பத்திரமாக வைத்திருக்க விரும்பினால், அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வராது. 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 31ஆம் அதிகாரத்தில், மடத்துப் பண்டசாலைக்குப் பொறுப்பானவர் அங்குள்ள பாத்திரங்களையும் கருவிகளையும் பீடத்துப் பாத்திரங்களைப் போல மதிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார். ஆனால் பீடத்துப் பாத்திரம் எப்படி வாழ்கிறது என்பதையும் பாருங்கள். குருவானவர் அதை எடுக்கிறார், துடைக்கிறார், மூடி வைக்கிறார், மறுநாளும் எடுக்கிறார். முலாம் தேய்ந்தால் மீண்டும் பூசுவார்கள். தேயுமே என்று பயந்து எவரும் பூசையை நிறுத்தியதில்லை.

இந்தத் தொலைபேசிக் கண்ணாடியின் கதையும் அறியத்தக்கது. ஏறக்குறைய 400 பாகை செல்சியஸில் உருகிய பொட்டாசியம் உப்பில் கண்ணாடியை ஊற வைக்கிறார்கள். அதிலுள்ள சிறிய சோடியம் அயன்கள் வெளியேற, பெரிய பொட்டாசியம் அயன்கள் அந்த இடங்களில் நெருக்கிக்கொண்டு அமர்கின்றன. அந்த நெருக்கமே மேற்பரப்பைப் பலப்படுத்துகிறது. எனினும் அது வைரமாகிவிடுவதில்லை. மோஸ் என்ற ஜேர்மானியர் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவில் வைரம் 10, குவாட்ஸ் என்னும் படிகக்கல் 7, இந்தக் கண்ணாடி ஏறக்குறைய 6. ஆகவே மேலே சொன்ன அன்பர் பயப்படும் சில்லறைக் காசு பெரும்பாலும் நிரபராதி. கண்ணாடியைக் கீறுவது மணல். அம்பனிலும் வல்லிபுரத்திலும் கிடக்கும் வெண்மணல் இந்தப் படிகக்கல் மணலே. கண்ணாடி செய்வதும் அதனால், கீறுவதும் அதனால்! காற்றோடும் வியர்வையோடும் அது சட்டைப் பைக்குள் வரத்தான் செய்யும். தினமும் கையில் எடுக்கும் தொலைபேசியில் என்றோ ஒரு நாள் ஒரு கோடு விழும்.

விழட்டுமே. மயிரிழைக் கீறலால் குரல் குறைவதில்லை, படம் மங்குவதில்லை. (வெடித்த கண்ணாடி வேறு. அது கையை வெட்டும், மாற்றத்தான் வேண்டும்.) விற்கும்போது விலை கொஞ்சம் குறையும் என்பார்கள். உண்மைதான். ஆனால் நாளைக்கு வாங்க வருபவரின் கண்ணால் இன்றைக்கே அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பொருள் இன்னும் உங்களுடையதாகவில்லை. முகம் தெரியாத ஒருவருக்காக நீங்கள் காவலிருக்கிறீர்கள். எமது வீடுகளில் இது புதிய நோயுமன்று. கண்ணாடி அலுமாரியிலுள்ள பூப்போட்ட கோப்பைகள் சுவாமியார் வீடு சந்திக்க வரும்போது மட்டும் கீழே இறங்கும். வீட்டுக்காரர் வருடம் முழுவதும் காது உடைந்த கோப்பையில் தேத்தண்ணீர் குடிப்பார். சுவாமிமாருக்கும் இது தெரியாததன்று.

லூக்காஸ் நற்செய்தி 19ஆம் அதிகாரத்து உவமையில் ஓர் ஊழியன் வருகிறான். தலைவன் கொடுத்த காசை அவன் தொலைக்கவில்லை, குடித்து அழிக்கவில்லை. மத்தேயு எழுதியதில் பணம் நிலத்தில் புதைக்கப்படுகிறது. லூக்காசிலோ அது ஒரு லேஞ்சியில் முடியப்படுகிறது. திரும்பி வந்த தலைவனிடம் அதை அப்படியே நீட்டுகிறான். பாவம், பாராட்டைக்கூட எதிர்பார்த்திருப்பான், கிடைத்தது கண்டனம். தான் அப்படிச் செய்ததற்கு அவனே சொல்லும் காரணம் பயம். இந்த உவமையைக் கவருக்கு எதிராக நான் எடுக்கவில்லை. கவர் போட்டுவிட்டுத் தாராளமாகப் பாவிப்பவர் அந்த ஊழியனல்லர். றப்பரைக் கழற்றிவிட்டுப் பயத்தால் சுற்றிக் கட்டியிருப்பவரே அவனுக்குக் கிட்ட நிற்கிறார்.

உரோமாபுரியில் புனித இராயப்பர் பேராலயத்தில் அப்போஸ்தலரின் வெண்கலச் சுரூபம் ஒன்று உண்டு. நூற்றாண்டு நூற்றாண்டாக யாத்திரிகர் தொட்டும் முத்தி செய்தும் வந்ததால் அதன் வலது பாதத்தின் விரல்கள் தேய்ந்து மழுங்கிப் போய்விட்டன. வெண்கலமே தேய்ந்தது. பெரிய வெள்ளியன்று நாம் முத்தி செய்யும் பாடுபட்ட சுரூபத்தின் பாதத்திலும் வர்ணம் போயிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த இடத்தை எவரும் பழுது என்று சொல்வதில்லை.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் பல வீடுகளில் நடக்கும் ஒரு காரியம். ரொறன்ரோவிலிருந்து மகள் அழைக்கிறாள். திரையில் பேரப்பிள்ளை சிரிக்கிறது. அம்மாவுக்குக் கை நடுக்கம். "தொடாதேங்கோ அம்மா, விழுத்திப் போடுவீங்கள், நான் பிடிக்கிறன்" என்று மகன் ஒரு முழத்துக்கு அப்பால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அம்மாவின் கண்ணுக்கு அந்தத் தூரத்தில் ஒரு வெளிச்சம் மட்டுமே தெரிகிறது. "தெரியுது, தெரியுது" என்கிறா, மகனைச் சங்கடப்படுத்த விரும்பாமல்.

தொலைபேசியை அவவின் கையில் கொடுத்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, திரையைக் கிட்ட எடுத்து, பிள்ளையின் கன்னத்தைக் கொஞ்சத்தான் போகிறா. கவரைப் போட்டுக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம்.