கேட்பது எதுவரை?

2025 செப்டம்பர் 21 அன்று பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவின் லுனேட்டா பூங்காவிலும் எட்சா சாலையிலும் மக்கள் திரண்டார்கள். வெள்ளத் தடுப்புப் பணிகளில் நடந்த ஊழல்தான் காரணம். எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தவை, ஒப்பந்ததாரர், அரசியல்வாதி வீட்டுப் பிள்ளைகள் சமூக ஊடகங்களில் போட்ட படங்கள். விலையுயர்ந்த கைப்பை, சொகுசுக் கார், ஐரோப்பியச் சுற்றுலா. முழங்கால் தண்ணீரில் கல்லூரிக்குப் போகிறவனுக்கு வயிறு எரியாதா?

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஹாங்காங்கிலோ துபாயிலோ வீட்டுவேலை செய்யும் பிலிப்பினோ தாயிடம் புது ஐபோன் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளையையும் அதே தட்டில் வைத்துத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

2024இல் வெளிநாடுவாழ் பிலிப்பினோக்கள் வங்கி வழியாக அனுப்பிய பணம் மட்டும் சுமார் 3,450 கோடி டாலர். கூடவே, அவர்கள் வீட்டுக்குப் பொருள்கள் நிரப்பி அனுப்பும் ‘பாலிக்பயன்’ பெட்டியும் கப்பலில் வரும். டின் இறைச்சி, சோப்பு, சாக்லெட், பிள்ளையின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பச் சொல்லி அளவு பார்த்து வாங்கிய ஷூ. பெட்டி வந்து சேர்வதற்குள் கால் வளர்ந்துவிடுவதும் உண்டு. அம்மா வராமல் பெட்டி மட்டுமே வந்த வீட்டில், பிள்ளை அன்பைப் பொருளாகத்தான் கேட்கும்.

அதற்காகக் காலமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கலாமா? பிலிப்பைன்ஸ் குடும்பச் சட்டத்தின் 194ஆம் பிரிவுப்படி, 18 வயது கடந்தாலும் படிப்பும் தொழிற்பயிற்சியும் பராமரிப்பில் அடங்கும். பெற்றோர் சொத்தில் பாதி பிள்ளைகளுக்கென்று சிவில் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. தக்க காரணமின்றி உயில் எழுதியும் அதைப் பறிக்க முடியாது. படிக்கிற காலத்திலும் உரிமை, பெற்றோர் காலத்துக்குப் பின்னும் உரிமை. நடுவில், உழைக்கத் தெம்புள்ள ஒருவருக்குக் கிடைப்பதெல்லாம் பெற்றவர்களின் தயவுதான். 195ஆம் பிரிவோ, பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள் தலையிலும் வைக்கிறது.

தயவை உரிமையென்று பிள்ளைகள் நம்புவதில் பெற்றோருக்கும் பங்குண்டு. எசமானியின் ஏச்சு, விடுப்பில்லாத வாரங்கள், ஏஜென்ட் கடன் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, வீடியோ அழைப்பில் சிரித்த முகத்தை மட்டுமே காட்டுகிறார்கள். பிள்ளைக்குப் பணம் தெரிகிறது, பாடு தெரிவதில்லை.

வளைகுடாவில் உழைக்கும் நம்மவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: பணம் அனுப்புங்கள், ஆனால் அது எப்படி வந்தது என்பதையும் பிள்ளையிடம் சொல்லுங்கள்.